முதல் மரம் விழுமுன் எழுத வேண்டிய கணக்கு

ஒரு கன மீட்டர் மரத்துக்கு 1 டாலர் 84 சென்ட். நம் மரவாடிக் கணக்கில் ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. ஆக, கன அடிக்கு ஐந்து சென்ட் சொச்சம். காட்டை முன்கூட்டியே எண்ணி, வரைபடம் போட்டு, கொடிகளை அறுத்து, பாதை குறித்து, அதற்குப் பிறகு மரம் வெட்டியவர்களின் செலவுக்கும், எதையும் பார்க்காமல் செயின்சாவைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போனவர்களின் செலவுக்கும் இருந்த வித்தியாசம் இது. மிச்சப்படுத்தியவர்கள் திட்டமிட்டவர்கள். காட்டைப் பார்த்துப் பார்த்து வெட்டுவது கையைக் கடிக்கும் காரியம் என்று சொல்லிவருகிறவர்கள் ஒருமுறை நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய கணக்கு.

இடம் பிரேசிலின் பாரா மாநிலம், பராகோமினாஸ் வட்டாரத்தில் கவாஷி என்ற பண்ணைக் காடு. அமேசானின் கிழக்கு ஓரம். 1990களின் நடுவில் அங்கே ஒரு துண்டை ஊர் வழக்கப்படியும் இன்னொரு துண்டைத் திட்டமிட்டும் வெட்டிப் பார்த்தார்கள். அமெரிக்க வனத்துறையின் பொருளாதார ஆய்வாளர் தாமஸ் ஹோம்ஸும் அவருடைய சகாக்களும் இரண்டின் வரவுசெலவையும் 2002-ல் வெளியிட்டார்கள். டாலர் எல்லாம் அந்தக் காலத்து டாலர்தான். ஆனால் இங்கே விலையைவிட விகிதம் முக்கியம்.

வழக்கமான வெட்டு: கன மீட்டருக்குச் செலவு 15.68 டாலர், நிகர வரவு 9.84 டாலர்.
திட்டமிட்ட வெட்டு: கன மீட்டருக்குச் செலவு 13.84 டாலர், நிகர வரவு 11.68 டாலர்.

செலவு 12 சதவீதம் குறைவு, லாபம் 19 சதவீதம் அதிகம். இரண்டு கணக்கிலும் ஹெக்டேருக்கு 25.36 கன மீட்டர் என்றே எடுத்துக்கொண்டார்கள். 100 ஹெக்டேர் கூப்பு (ஒரு பருவத்தில் வெட்ட ஒதுக்கும் காட்டுத் துண்டு) ஒன்றுக்குப் பெருக்கிப் பார்த்தால் 2,536 கன மீட்டர், மிச்சம் 4,666 டாலர். ஒரு கூப்பில், ஒரே பருவத்தில்.

இந்தக் கணக்கு பராகோமினாஸில் எழுதப்பட்டதற்குக் காரணம் உண்டு. பெலெம் நகரத்தையும் தலைநகர் பிரசிலியாவையும் இணைக்கும் நெடுஞ்சாலை காட்டைப் பிளந்துகொண்டு போன பிறகு, 1965-ல் தனி நகராட்சியாக உருவான ஊர் அது. பாரா, கோயாஸ், மினாஸ் ஜெராய்ஸ் என்ற மூன்று மாநிலப் பெயர்களின் முதல் பகுதிகளை ஒட்டவைத்துப் பெயர் சூட்டினார்கள். முதலில் மாட்டுப் பண்ணைக்காகக் காட்டை எரித்தார்கள். மேய்ச்சல் நிலம் சத்திழந்ததும் மரத்தின் பக்கம் திரும்பினார்கள். 1990 வாக்கில் அந்த ஒரு வட்டாரத்தில் மட்டும் நூற்றுக்கும் அதிகமான மரம் அறுக்கும் மில்கள் ஓடின. மில்லுக்குத் தடி வேண்டும். காட்டுக்குள் போகிறவனுக்குக் கன மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. எந்த மரம் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் கிடையாது.

அப்படி வெட்டினால் காட்டுக்கு என்ன ஆகிறது என்பதை அடல்பெர்த்தோ வெரிசிமோவும் சகாக்களும் 1992-ல் எண்ணிக் காட்டினார்கள். வெளியே எடுக்கும் ஒவ்வொரு மரத்துக்கும், 10 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள வேறு 27 மரங்கள் பலத்த சேதமடைகின்றன. 40 மீட்டர் நீளத்துக்குப் புதிய பாதை விழுகிறது. காட்டின் கூரையில் 600 சதுர மீட்டர் திறந்துகொள்கிறது. நம் கணக்கில் இரண்டரை கிரவுண்டுக்கும் மேல். ஹெக்டேருக்கு ஐந்து மரம் என்று வைத்து 100 ஹெக்டேருக்குப் பெருக்கினால், 500 மரம் எடுக்க 13,500 மரம் முறிகிறது, 20 கிலோமீட்டர் பாதை, 30 ஹெக்டேருக்குக் கூரை இல்லை. விழுந்து காய்ந்த கிளைகளும் உள்ளே புகும் வெயிலும் சேர்ந்தால் அடுத்த கோடையில் பக்கத்து மேய்ச்சல் நிலத்துத் தீ உள்ளே வர வேறெதுவும் தேவையில்லை. ஈரக்காடு எரியாது என்ற நம்பிக்கை இப்படி வெட்டிய காடுகளில்தான் பொய்த்துப்போனது.

இனி மறுபக்கம். வெட்டுவதற்கு ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேலை தொடங்குகிறது. 100 ஹெக்டேர் கூப்பு என்றால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் சதுரம். அதற்குள் 50 மீட்டருக்கு ஒன்றாக இணையான கோட்டுப்பாதைகளை வெட்டுகத்தியால் திறக்கிறார்கள். ஓரங்களையும் சேர்த்தால் 21 கோடுகள், 21 கிலோமீட்டர். கோடு நெடுகிலும் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு குச்சி, அதில் எண். இந்தக் கட்டத்துக்குள் ஒவ்வொரு பெரிய மரத்தையும் தேடிப்பிடித்து அது நிற்கும் இடத்தைப் பதிய வேண்டும். மாதிரிக்குக் கொஞ்சம் எண்ணிப் பெருக்கிக்கொள்ளும் வேலை இல்லை. நூற்றுக்கு நூறு எண்ண வேண்டும்.

எண்ணும் குழுவில் முக்கியமான ஆள் அங்கே மத்தேய்ரோ என்று அழைக்கப்படும் காட்டு மனிதர். இலை நாற்பது மீட்டர் உயரத்தில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அவர் பட்டையில் கத்தியால் ஒரு கீறு கீறுவார். உள்பட்டையின் நிறம், கசியும் பால், வாசம் இவற்றை வைத்துப் பெயர் சொல்வார். மற்றொருவர் மார்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.30 மீட்டரில், நாடாவைச் சுற்றிச் சுற்றளவு எடுப்பார். விற்கக்கூடிய தண்டு எத்தனை மீட்டர் என்று அண்ணாந்து மதிப்பிட்டுச் சொல்வார். எழுதுகிறவர் இனம், சுற்றளவு, உயரம், தண்டின் தரம், நிற்கும் இடம் எல்லாவற்றையும் படிவத்தில் ஏற்றுவார். அலுமினியத் தகடு ஒன்றில் எண் பொறித்து மரத்தில் அறைவார்கள். அந்த எண்தான் மரத்தின் அடையாள அட்டை. மரம் விழுந்த பின் அதே எண் அடிக்கட்டையிலும் இருக்கும், தடியிலும் இருக்கும், மில்லுக்குப் போகும் காகிதத்திலும் இருக்கும்.

படிவத்தில் ஏறிய அளவு எப்படிக் கன அளவாகிறது என்பதை ஒரு மரத்தை வைத்துப் பார்க்கலாம். விட்டம் 80 சென்டிமீட்டர், விற்கக்கூடிய தண்டு 16 மீட்டர். குறுக்குவெட்டுப் பரப்பு 0.503 சதுர மீட்டர். அதை 16-ஆல் பெருக்கி, தண்டு மேலே போகப்போகச் சிறுப்பதற்காக 0.7-ஆல் பெருக்கினால் 5.63 கன மீட்டர். நம் அளவில் 199 கன அடி. உயரத்தில் இரண்டு மீட்டர் தவறினால் 0.70 கன மீட்டர் கூடும் அல்லது குறையும். விட்டத்தில் பத்து சென்டிமீட்டர் தவறி 90 என்று எழுதிவிட்டால் கணக்கு 7.13 ஆகிவிடும். ஒன்றரை கன மீட்டர், 27 சதவீதம் அதிகம். நாடாவை ஒழுங்காகப் பிடிப்பதில் எவ்வளவு இருக்கிறது என்பது இங்கே தெரியும். இந்த ஒன்றரை கன மீட்டருக்குப் பிறகு திரும்பி வருவேன்.

எண்ணி முடித்த பிறகுதான் கழித்தல். எதைக் கழிக்க வேண்டும் என்று பிரேசிலின் வனச் சட்டமும் 2006-ல் வந்த விதிகளும் தெளிவாகச் சொல்கின்றன. ஓடையின் இருபக்கமும் 30 மீட்டர் தொடக்கூடாது. கூப்புக்குக் குறுக்கே ஒரே ஒரு சிற்றோடை நேராக ஓடினாலும் 60 மீட்டர் அகலம், 1,000 மீட்டர் நீளம், 6 ஹெக்டேர் போய்விடும். மீதி 94. பெரிய இயந்திரம் கொண்டு வெட்டினால் ஹெக்டேருக்கு உச்சவரம்பு 30 கன மீட்டர், அதற்கு 35 ஆண்டு இடைவெளி. 94 ஹெக்டேருக்கு 2,820 கன மீட்டர். பெரும்பாலான இனங்களில் 50 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் கீழ் வெட்டக்கூடாது. இந்த அளவைத் தாண்டிய மரங்களிலும் இனத்துக்கு இனம் பத்து சதவீதத்தைத் தாய் மரமாக விட வேண்டும். எந்த இனமானாலும் 100 ஹெக்டேருக்கு மூன்று மரமாவது நிற்க வேண்டும்.

இந்தக் கடைசி இரண்டு விதிகளும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள். ஒரு கூப்பில் ஓர் இனம் 60 மரம் நிற்கிறது. பத்து சதவீதம் என்றால் ஆறு, வெட்டலாம் 54. இன்னோர் இனம் 20 நிற்கிறது. பத்து சதவீதம் இரண்டுதான் வரும், ஆனால் மூன்று விட வேண்டும், வெட்டலாம் 17. மூன்றாவது இனம் மூன்றே மரம். எவ்வளவு விலை போனாலும் ஒன்றையும் தொடக்கூடாது. எண்ணாதவனுக்கு இந்த மூன்றாவது இனம் இருப்பதே தெரியாது. மூன்றும் விழுந்த பிறகும் தெரியாது. ஈரக்காட்டில் பல இனங்கள் இப்படி அங்கொன்று இங்கொன்றாக நிற்பவை. ஒரு மரத்தின் பூவுக்கும் அடுத்த மரத்தின் பூவுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் இருந்தாலும் மகரந்தத்தைச் சுமக்கத் தேனீ இருக்கும். அடுத்த மரமே இல்லையென்றால் அது எதைத் தேடிப் பறக்கும்? என்னைக் கேட்டால், முழு எண்ணிக்கையின் பயன் 1.84 டாலரில் இல்லை, இந்த மூன்று மரங்களில் இருக்கிறது.

கொடி அறுப்பது சிறிய வேலை போலத் தெரியும். தொடைப் பருமன் உள்ள கொடிகள் ஒரு மரத்தின் தலையிலிருந்து பக்கத்து மரங்களின் தலைக்குத் தாவிப் பின்னிக்கிடக்கும். ஒன்றை வெட்டினால் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு விழும். எந்தத் திசையில் விழும் என்பதும் தெரியாது. மரம் வெட்டுகிறவர்கள் உயிரிழக்கும் விபத்துகளில் கொடிக்குப் பங்கு உண்டு. ஓராண்டுக்கு மேல் முன்னதாக, வெட்டப்போகும் மரத்தைச் சுற்றியுள்ள கொடிகளை மட்டும் அறுத்துவிட்டால் அவை காய்ந்து இற்றுப்போகும். காட்டிலுள்ள எல்லாக் கொடியையும் அறுக்கக்கூடாது. பழந்தின்னிப் பறவைக்கும் குரங்குக்கும் அதுதான் சாப்பாடும் பாதையும்.

வரைபடம் தயாரானதும் பாதை. மரங்கள் புள்ளிகளாக விழுந்த காகிதத்தில் பெரிய சாலை எங்கே, தடி அடுக்கும் களங்கள் எங்கெங்கே, ஒவ்வொரு களத்துக்கும் இழுவைப்பாதைகள் எப்படி வந்து சேர வேண்டும் என்று கோடு போடுகிறார்கள். காட்டில் அதே கோட்டில் நிற நாடா கட்டுகிறார்கள். ஸ்கிடர் என்ற இழுவை இயந்திரம் நாடாவை விட்டு விலகாது. தடியின் அருகே போகாமல் பாதையிலேயே நின்று கம்பிவடத்தை நீட்டித் தடியை இழுத்துக்கொள்ளும். மரம் விழ வேண்டிய திசையும் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். வெட்டுகிறவர் முதலில் செயின்சாவின் முனையைத் தண்டுக்குள் செங்குத்தாகக் குத்திப் பார்ப்பார். எதிர்ப்பு இல்லாமல் உள்ளே போனால், வரும் தூள் நிறம் மாறி ஈரமாக இருந்தால், உள்ளே பொந்து. அந்த மரத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். பொந்து மரம் விற்காது. ஆனால் மக்காவ் கிளிக்கு அது வீடு. எண்ணாமல் போகிறவனோ அதையும் வெட்டிச் சாய்த்துவிட்டு, பொந்தைப் பார்த்த பிறகு அப்படியே போட்டுவிட்டு நடப்பான்.

இத்தனைக்கும் என்ன செலவு? பெலெம் நகரத்து இமாஸோன் ஆய்வு நிறுவனம் அதே பராகோமினாஸில் தனியாக ஒரு சோதனை செய்து 1998-ல் கணக்கு வெளியிட்டது. எண்ணுதல், கொடி அறுத்தல், வரைபடம், பாதை குறித்தல் எல்லாம் சேர்த்து ஹெக்டேருக்கு 72 டாலர். ஏக்கருக்கு 29 டாலர். அந்தத் துண்டில் ஹெக்டேருக்கு 38.6 கன மீட்டர் எடுத்ததால், கன மீட்டருக்கு 1.87 டாலர் விழுந்தது. 100 ஹெக்டேருக்கு 7,200 டாலர், ஒரு மரமும் விழுவதற்கு முன்பே கையிலிருந்து போகிற பணம்.

அது எங்கிருந்து திரும்பி வருகிறது என்பதை ஹோம்ஸின் கணக்கில் தேடினால் மரம் வெட்டும் வேகத்தில் இல்லை. பார்த்து வெட்டுகிறவர் சற்று மெதுவாகத்தான் வெட்டுகிறார். இழுவையில் இருக்கிறது. வரைபடம் உள்ள ஸ்கிடர் ஓட்டுநர் ஒரு மணி நேரத்தில் நாற்பது சதவீதம் போல அதிக மரம் இழுத்தார். டீசலும் டயரும் இயந்திர வாடகையும் மணிக்கணக்கில் ஓடுகிற செலவு. தேடி அலையும் ஒவ்வொரு மணியும் நஷ்டம். வழக்கமான வெட்டில் ஓட்டுநர் சாய்ந்த மரத்தைக் காட்டுக்குள் சுற்றிச் சுற்றித் தேடுகிறார், தேடும்போதே இளமரங்களைச் சாய்த்துக்கொண்டு போகிறார், சிலவற்றைக் கடைசிவரை கண்டுபிடிக்காமலேயே திரும்புகிறார்.

வீணாகும் மரத்தில் இன்னும் பெரிய பணம். வழக்கமான வெட்டில் ஹெக்டேருக்கு 6.05 கன மீட்டர் காட்டிலும் களத்திலும் வீணாகக் கிடந்தது. எடுத்த மரத்தில் 24 சதவீதத்துக்குச் சமம். திட்டமிட்ட வெட்டில் 1.92 கன மீட்டர், 8 சதவீதம். 100 ஹெக்டேருக்கு 605-க்கும் 192-க்கும் வித்தியாசம் 413 கன மீட்டர், அதாவது 14,500 கன அடிக்கு மேல். முன்பு பார்த்த 80 சென்டிமீட்டர் மரமாக எண்ணினால் 73 மரம். வெட்டப்பட்டு, யாருக்கும் பயன்படாமல், கரையானுக்கும் தீக்கும் விடப்பட்ட 73 மரங்கள். ஒவ்வொன்றுக்கும் நூறு, இருநூறு வயது இருக்கும்.

இந்த வீண் பெரும்பாலும் சிறுசிறு பழக்கங்களால் வருவது. ஓர் ஆள் குனிய அலுப்புப்பட்டு இடுப்புயரத்தில் வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கட்டை 30 சென்டிமீட்டரில் நிற்க வேண்டியது 80-ல் நிற்கிறது. 80 சென்டிமீட்டர் விட்ட மரத்தில் அந்த அரை மீட்டர் கால் கன மீட்டர். அதுவும் மரத்தின் பருத்த அடிப்பாகம். 500 மரத்துக்கு 125 கன மீட்டர். வெட்டும் கோணம் தவறித் தண்டு நீளவாக்கில் பிளப்பது, நுனியை அளவுக்கு மீறிக் கழித்துவிடுவது, மழைக்கு முன் களத்திலிருந்து ஏற்றாமல் விட்டு வண்டு துளைப்பது என்று மீதியும் இப்படித்தான். இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். ஒரு வாரப் பயிற்சியும், கன மீட்டருக்கு மட்டும் கூலி கொடுக்காமல் செய்நேர்த்திக்கும் சேர்த்துக் கொடுப்பதும் போதும்.

நிற்கிற காட்டுக்கும் பலன் உண்டு. வெட்டிய 100 மரத்துக்குச் செத்துப்போன பிற வணிக மரங்கள், திட்டமிட்ட துண்டில் வழக்கமான துண்டின் பாதிக்கும் குறைவு. ஒரு மரம் எடுக்க இயந்திரம் உழுத தரையும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அடுத்த வெட்டுக்கு வர வேண்டிய மரங்கள் இன்று 35, 40 சென்டிமீட்டரில் நிற்பவைதான். அவற்றை முறித்துவிட்டு 35 ஆண்டு காத்திருப்பதில் அர்த்தமில்லை.

இவ்வளவு லாபம் என்றால் ஏன் எல்லோரும் செய்யவில்லை? கேட்க வேண்டிய கேள்வி. முதலில், பணம் முன்னால் போகிறது, வரவு பின்னால் வருகிறது. 1.87 டாலரை இருபது சதவீத வட்டிக்கு வாங்கி இரண்டு ஆண்டு முன்பே செலவழித்தால் அது 2.69 ஆகிறது. வட்டி மட்டும் 82 சென்ட். இரண்டும் வேறுவேறு சோதனையின் எண்கள்தான், ஆனாலும் தோராயத்துக்கு வைத்துப் பார்த்தால் 1.84 மிச்சத்தில் 82 சென்ட் கழிந்தும் ஒரு டாலர் நிற்கிறது. ஆகவே வட்டி மட்டும் காரணமில்லை. எண்ணத் தெரிந்த ஆட்கள் குறைவு. நில உரிமை குழப்பம், அடுத்த ஆண்டு இந்தக் காடு யார் கையில் இருக்கும் என்று தெரியாதவன் இரண்டு ஆண்டுக்கு முன்பே கொடி அறுக்க மாட்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்துக் காட்டில் திருடி வெட்டிய மரம் அதே மில்லுக்கு வருகிறது. திருட்டு மரத்துக்கு 13.84-உம் கிடையாது, 15.68-உம் கிடையாது. அதோடு எந்த நேர்மையான கணக்கும் போட்டியிட முடியாது.

திருட்டு மரத்துக்குக் காகிதம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என்னை அதிகம் உறுத்துவது. திட்டத்திலிருந்தே வருகிறது. முன்பு சொன்ன அந்த ஒன்றரை கன மீட்டரை இப்போது எடுங்கள். ஒரு கூப்பில் 40 ஈபே மரம். உலகச் சந்தையில் கடற்கரை நடைமேடைக்கும் வீட்டு முற்றத் தளத்துக்கும் போகிற, அமேசானின் மிக விலையுயர்ந்த மரங்களில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் விட்டத்தில் பத்து சென்டிமீட்டர் கூட்டி எழுதினால் இல்லாத 60 கன மீட்டருக்கு அனுமதி கிடைத்துவிடும். விலை போகாத வேறு பத்து மரத்தை ஈபே என்று எழுதினால் இன்னொரு 56. பழங்குடி மக்களின் காட்டிலோ காப்புக்காட்டிலோ வெட்டிய ஈபே இந்த 116 கன மீட்டருக்குள் நுழைந்து சுத்தமான மரமாக வெளியே வரும். இவை உதாரண எண்கள். ஆனால் நடப்பு உண்மை. 2018-ல் பெத்ரோ பிராங்காலியோனும் சகாக்களும் பாரா மாநில அனுமதிகளை ஆராய்ந்து, விலையுயர்ந்த இனங்களின் கன அளவு மட்டும் திட்டமிட்டு மிகைப்படுத்தப்பட்டிருப்பதையும், களத்தில் போய்ப் பார்த்தால் சொன்ன மரம் அங்கே இல்லை அல்லது வேறு இனமாக இருப்பதையும் காட்டினார்கள். அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தின் 2022 பனாமா மாநாட்டில் ஈபே அதன் கட்டுப்பாட்டுப் பட்டியலின் இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டு, 2024 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. முன்கூட்டித் திட்டமிட வேண்டும் என்று சொன்னால் மட்டும் போதாது. அந்தத் திட்டத்தில் பத்துக்கு ஒரு மரத்தையாவது வேறொருவர் நாடா எடுத்துக்கொண்டு போய் மறுபடி அளந்தாக வேண்டும்.

வெட்டுமுன் எண்ணும் இந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல. 1856-ல் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் டீட்ரிக் பிராண்டிஸ், பர்மாக் காட்டில் யானைமேல் போய்க்கொண்டே மரங்களை நான்கு சுற்றளவு வகுப்புகளாகப் பிரித்து எண்ணினார். மழையில் காகிதம் நிற்காது. கையிலிருந்த மூங்கில் துண்டுகளில் கத்தியால் வெட்டுக்குறி போட்டுக்கொண்டே போனார். ஆறடிச் சுற்றளவைத் தாண்டியது முதல் வகுப்பு, நாலரை அடியிலிருந்து ஆறடி வரை இரண்டாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பாக வளர 24 ஆண்டு பிடிக்கும் என்று கணித்தார். ஆகவே ஓராண்டில் முதல் வகுப்பில் இருபத்துநான்கில் ஒரு பங்கை மட்டும் வெட்டலாம் என்றார். 1882-ன் சென்னை மாகாண வனச் சட்டத்துக்குப் பின்னாலும் அவருடைய ஆலோசனை இருந்தது. பேரரசின் கப்பலுக்கும் ரயிலுக்கும் தேக்கு வேண்டும் என்பதற்காக எழுதிய கணக்குதான் அது. காட்டு மக்களின் உரிமைகளை அந்தத் துறை பறித்த கதை தனி. ஆனால் வளர்ச்சியை முதலில் கேள், வெட்டை அதற்குப் பிறகு முடிவு செய் என்ற வரிசை சரி. நீலகிரி கூடலூர்க் காட்டை முன்வைத்துக் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், மத்திய அரசு ஒப்புதல் தந்த ஒர்க்கிங் பிளான் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக்கூடாது என்று 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே வரிசைதான்.

வளர்ச்சியைக் கேட்கும் அந்தக் கேள்வியோடுதான் பராகோமினாஸின் இரண்டாவது கணக்கு தொடங்குகிறது. 30 கன மீட்டர், 35 ஆண்டு. வகுத்தால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 0.86 கன மீட்டர். காடு அந்த அளவுக்கு வளர்ந்து திருப்பிக் கொடுக்கும் என்ற எதிர்பார்ப்பில் நிற்கிற எண் இது. கொடுக்கிறதா? பிளினியோ சிஸ்ட்டும் சகாவும் அதே வட்டாரத்தில், கவனமாகத் திட்டமிட்டு ஹெக்டேருக்கு 21 கன மீட்டர் மட்டும் எடுத்த காட்டைப் பின்தொடர்ந்து 2007-ல் வெளியிட்ட முடிவு: 30 ஆண்டுக்குப் பிறகு வணிக மரத்தின் இருப்பு தொடக்கத்தில் இருந்ததில் பாதிக்குத்தான் மீளும். சட்டம் அனுமதிக்கும் 30-ஐவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக எடுத்தும், சேதத்தைக் குறைத்தும், கொடி அறுத்தும், பாதி.

இதில் முறைமேல் குற்றமில்லை. முதல் வெட்டில் கிடைப்பது பல நூற்றாண்டு சேர்ந்த முதல். அதைக் கவனமாக எடுத்தாலும் முதல் முதல்தான், வட்டி அல்ல. ஈபே, ஜட்டோபா போன்ற கெட்டி மரங்கள் ஆண்டுக்கு விட்டத்தில் சில மில்லிமீட்டர்தான் பருக்கும். இழுவைப்பாதையில் நாடா கட்டுவதால் அவற்றின் வேகம் கூடாது. 1.84 டாலர் மிச்சத்தைக் காட்டி, காடு பத்திரமாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். முதல் கணக்கு வெட்டுகிறவரின் லாபநஷ்டம். அது சரியாகவே இருக்கிறது. இரண்டாவது காட்டின் கணக்கு. அதில் இன்னும் பாதி பாக்கி.

பாக்கியை அடைக்க வெட்டு தொடங்குமுன் மாற்றக்கூடிய எண்கள் மூன்று. ஹெக்டேருக்கு எடுக்கும் அளவைக் குறைப்பது, இடைவெளியை நீட்டுவது, நாலைந்து விலையுயர்ந்த இனங்களையே துரத்தாமல் வேகமாக வளரும் இனங்களுக்கும் சந்தை தேடுவது. மூன்றாவது மில்காரர்கள் கையில் இருக்கிறது. முதல் இரண்டும் அரசின் கையில். 30 ஆண்டில் பாதி மீண்டால், அதே வேகத்தில் முழுவதும் மீள 60 ஆண்டாவது ஆகும். ஆண்டுக்கு 100 ஹெக்டேர் வெட்டும் ஒரு நிறுவனத்துக்கு 35 ஆண்டுச் சுழற்சியில் 3,500 ஹெக்டேர் போதும். 60 ஆண்டுக்கு 6,000 வேண்டும். 2,500 ஹெக்டேரை ஒன்றும் செய்யாமல், தீயிலிருந்தும் திருடரிடமிருந்தும் காத்துக்கொண்டு வைத்திருக்கும் செலவு, ஹெக்டேருக்கு 72 டாலர் என்ற கணக்கில் எங்கும் வரவில்லை.

பொதுக்காடுகளைக் குத்தகைக்கு விட 2006-ல் பிரேசில் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன்கீழ் முதலில் குத்தகைக்குப் போனது ரொண்டோனியா மாநிலத்து ஜமாரி தேசியக் காட்டில் சுமார் 96,000 ஹெக்டேர், 2008-ல். ஓடைக்கரை முதலியவற்றைக் கழிக்காமல் தோராயமாக வகுத்தால், 35 ஆண்டுச் சுழற்சியில் ஆண்டுக்கு 2,743 ஹெக்டேர் வெட்டலாம், 60 ஆண்டுச் சுழற்சியில் 1,600. சட்டப்படி குத்தகைக் காலத்தின் உச்சம் 40 ஆண்டு. 35 ஆண்டுச் சுழற்சியில் குத்தகைதாரர் முதலில் வெட்டிய கூப்புக்குத் திரும்பி வரும்போது கையில் ஐந்து ஆண்டு மிச்சமிருக்கும். 60 ஆண்டு என்று எழுதினால் இரண்டாம் வெட்டை அவர் பார்க்கவே போவதில்லை. அப்படியானால் இரண்டாம் வெட்டுக்கு என்ன நிற்கிறது என்பதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை அரசே நிரந்தர மாதிரித் துண்டுகளில் அளந்து, குத்தகைத் தொகையை அந்த இருப்போடு கட்டிவைக்க வேண்டும். இருப்பு குறைந்தால் அடுத்த ஆண்டின் கூப்பு சுருங்க வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுத முடிகிற நாள் ஒன்றுதான். முதல் கோட்டுப்பாதைக்கு வெட்டுகத்தி எடுப்பதற்கு முந்தைய நாள்.